நிலாவில் ஒட்டிய பருக்கை

“நிலாவுக்கு யாரும்மா சோறு ஊட்டுவாங்க?”

என் மகள் வசந்தி இதைக் கேட்டபோது அவளுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதும் பெண்ணாகிவிட்டாள். எனக்குத்தான் இந்த ஒரு கேள்விக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அன்று மாலை எங்கள் குவாட்டர்ஸ் அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்திருந்தேன். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பனிமூட்டம் சன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. என் வலது கையில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோறு. இடது கையில் நிலா.

நிலா என்றால் நானே வரைந்த நிலா. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பலகைத் துண்டு. அதில் கறுப்பு வானம். நடுவில் கொட்டைப்பாக்கு அளவில் வெள்ளை நிலா. எண்ணெய்ச் சாயம். சரியாகக் காயாத எண்ணெய்ச் சாயம்.

“அதோட அம்மா ஊட்டுவாங்க,” என்று சொல்லி வைத்தேன்.

“அம்மா எங்க?”

நான் பலகையைப் பார்த்தேன். வானத்தில் இன்னொரு நிலா வரைய இடம் இல்லை.

வசந்தி காத்திருக்கவில்லை. தன் வாயிலிருந்து ஒரு பருக்கையை எடுத்தாள். அதை நிலாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். “ஆ காட்டு,” என்றாள்.

பருக்கை ஒட்டிக்கொண்டது.

நான் முதலில் நினைத்தது நிலாவைப் பற்றி அல்ல. வெள்ளைச் சாயத்தில் ஈயம் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அவள் விரலைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு, சோப்பு வாய்க்குள் போயிருக்குமோ என்று பயந்து வாயைக் கழுவினேன். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பயங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெந்நீர்ப் போத்தலைப் பற்றி எழுதிய வாரத்தில் ஒரு வாசகி, “நீங்கள் தூங்குவதுண்டா?” என்றே கேட்டிருந்தார்.

வராத நிலா

குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்ட வேண்டும் என்று ஏற்படுத்தியவர்கள் கந்தப்பளைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

இங்கே மழைக்காலம் தொடங்கினால் எதிரே இருக்கும் சவுக்கு மரமே சில நாள் வராது. நிலா எங்கிருந்து வரும்? ஆனால் அதிசயமாக வானம் வெளுத்திருந்த ஒரு மாலையில், எல்லாத் தாய்மாரையும் போல நானும் வசந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டினேன். கிண்ணம் காலியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மூட்டம் இறங்கியது. அன்றிலிருந்து வசந்தி வாயை மூடிக்கொண்டாள்.

“நெலா,” என்றாள்.

“நிலா தூங்குதும்மா.”

“எழுப்பு.”

என் கணவர் எங்கள் தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும், எப்போது சூட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். மகளைச் சாப்பிட வைக்க அவருக்கு மூக்கு உதவவில்லை. வெண்கலத் தட்டைத் தூக்கிப் பிடித்து அதில் டார்ச் அடித்துக் காட்டினார். வசந்தி தட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். “தட்டு,” என்றாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துக்காரர் ஐயா அவளை நிறுக்கும்போதெல்லாம் நான் தராசு முள்ளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்ப்பேன். “எடை ஏறலீங்களே அம்மா,” என்பார். அந்த ஒரு வார்த்தையோடு வீடு வரைக்கும் நடந்து வருவேன். படித்து என்ன, ஒரு பிள்ளைக்கு ஒரு பிடி சோறு ஊட்டத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் தோன்றும்.

அப்படி ஒரு நாள் வந்து, துணி எடுப்பதற்காகக் கலியாணப் பெட்டியைத் திறந்தேன். அடியில் சாயப் பெட்டி கிடந்தது.

ஆப்பிள் போன்ற நிலா

கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு கன்னியாஸ்திரீ எங்களுக்கு எண்ணெய்ச் சாயத்தில் ஓவியம் கற்றுக் கொடுத்தார். மூன்று வருடமும் ஆப்பிள்கள். நடுவில் ஒரு தரம் கூஜா. எனவே என் முதல் நிலா ஒரு வெள்ளை ஆப்பிளைப் போல்தான் இருந்தது. காம்பு மட்டும் இல்லை.

ஏன் இவ்வளவு சிறிதாக வரைந்தேன் என்று கேட்பார்கள். சாயக் குழாய்கள் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தன என்பது ஒன்று. ஒரு கையால் ஊட்டிக்கொண்டு மறு கையில் பிடிக்கிற அளவுக்குத்தானே நிலா இருக்க முடியும் என்பது இன்னொன்று. தொழிற்சாலைத் தச்சர் உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையை என் உள்ளங்கைக்கு அளவு பார்த்து அறுத்துக் கொடுத்தார்.

வரைவது கஷ்டமில்லை. காய்வதுதான் கஷ்டம். குழந்தைத் துணியே காயாத ஊரில் எண்ணெய்ச் சாயம் எப்படிக் காயும்? தொழிற்சாலையில் கொழுந்து காய்கிற சூட்டில் ஒரு மூலையில் வைத்து எடுக்கலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் பயந்துபோய்விட்டார். “தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கும். ஒரு நாள் கொழுந்து முழுக்க டர்பன்டைன் வாசம் புடிச்சா, தோட்டத்துத் துரை என்னைய அந்த நிலாவுக்கே அனுப்பிருவாரு!”

அதனால் அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பாதி காய்ந்ததும் பொறுக்க முடியாமல் எடுத்துக் காட்டினேன். அன்றுதான் பருக்கை ஒட்டியது. ஆனால் அன்றுதான் கிண்ணமும் காலியானது.

வானம் முழுவதும்

குழந்தைகளுக்கு எதுவும் சீக்கிரம் அலுத்துவிடும். நிலா அலுத்ததும் சிவப்பாகச் செவ்வாயை வரைந்தேன். ருஷ்யாக்காரர்கள் நாயை வானத்துக்கு அனுப்பியதைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நாய் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் ஒரு ராக்கெட் வரைந்தேன். நாய் கடுகளவு. நாக்கு அதற்குள். ஊசி முனையால் வைத்தேன்.

நட்சத்திரத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. பழைய பல் தேய்க்கும் பிரஷில் வெள்ளைச் சாயத்தைத் தொட்டு விரலால் சுண்டினால் வானம் முழுக்கப் புள்ளி விழும். வானத்தில் மட்டும் விழாது. கணவரின் ஒரு கறுப்புக் கோட்டில் இன்றும் அழகான ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது.

வால்வெள்ளி வரைந்தபோது, வீட்டு வேலைக்கு உதவ வரும் காமாட்சி எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, இது வால்வெள்ளி தானுங்களே? இது தெரிஞ்சா ராசாவுக்கு ஆகாதும்பாங்க.”

“நமக்கு ஏது காமாட்சி ராசா?”

“துரை இருக்காருல்ல?” கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ரெண்டா வரைஞ்சிருங்கம்மா.”

எல்லாவற்றுக்கும் கடைசியில் சனிக் கிரகத்தை வரைந்தேன். பூகோளப் புத்தகத்தில் பார்த்த படம் நினைவிருந்தது. மூன்று மயிரை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்ட பிரஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் அந்த வளையத்தைச் சாய்வாகப் போட்டேன். என் வாழ்க்கையில் யோசித்துத் தயங்காமல் செய்த ஒரே காரியம் அந்தக் கோடுதான்.

வசந்தி அதைப் பார்த்ததும் கை தட்டினாள். “தொப்பி!” என்றாள். அன்றிலிருந்து அவர் தொப்பிக்காரர். தொப்பிக்காரர் முன்னால் கிண்ணம் காலியாவது போதாதென்று, இன்னும் கொஞ்சம் கேட்டாள். மருந்துக்காரர் ஐயா தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்கம்மா குடுக்கிறீங்க?” என்றார்.

அண்ணி வந்தார்

கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வட்டவளைத் தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மனைவி. ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து, தம்பி மகளைப் பார்க்க வந்தார். வந்த வேளை நான் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“என்னா புள்ள, எலும்பும் தோலுமா இருக்கான்னு தம்பி எழுதியிருந்தான். இது ஆனக்குட்டி கணக்கா முழுங்குது!”

“இதைக் காட்டினா சாப்பிடுறா அண்ணி.”

“என்னா அது? தொப்பி போட்ட பந்தா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். படித்த வாய் சும்மா இருக்கவில்லை. “சனி கிரகம் அண்ணி. சுத்தி இருக்கிறது வளையம்.”

அண்ணி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“யாரு?”

“சனி…”

“சனீஸ்வரனா?”

“கிரகம் அண்ணி. வானத்துல இருக்கிற…”

“அவரு வானத்துல இருக்கிறதாலதான் நாமெல்லாம் கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்கோம். நீ அவர வீட்டுக்குள்ள கூட்டியாந்து, பச்சப்புள்ளைக்கு முன்னால உக்கார வச்சு, நெய்ச்சோறு வேற காட்டுறியா?”

கணவர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். “சின்ன சனிதானேக்கா,” என்றார். “தீப்பெட்டி சைசு.”

“தீக்குச்சியும் சின்னதுதான்டா!”

வீட்டில் வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. எங்கே போடுவது என்பது முடிவாகவில்லை. அடுப்பில் போடலாமா என்று நான் கேட்டதற்கு அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆற்றில் விடலாம் என்றார் கணவர். “ஆத்துல விட்டா கீழத் தோட்டத்துக்காரன் தலையில போய் உக்காருவாரு. அவனும் புள்ளகுட்டிக்காரன்,” என்றார் அண்ணி.

“அப்ப நீயே வட்டவளைக்குக் கொண்டு போயிரு.”

“ஏன்டா, எங்க வீட்டுக்காரரு நல்லா இருக்கிறது ஒனக்குப் பொறுக்கலியா?”

கடைசியில் மிச்சமிருந்த இடம் கோயில் ஒன்றுதான்.

முகம் எந்தப் பக்கம்?

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நவக்கிரகம் கிடையாது. பூசாரி பலகையைக் கையில் வாங்காமல், நான் பிடித்திருக்க, குனிந்து பார்த்தார்.

“மொகம் எந்தப் பக்கங்கம்மா?”

“முகம் கிடையாதுங்க.”

“அதெப்படி? சனீஸ்வரன நேருக்கு நேரா பாக்கக் கூடாது. நேர் எதுன்னு தெரிஞ்சாத்தானே வெலகி நிக்கலாம்?”

“அது உருண்டைங்க. எந்தப் பக்கம் நின்னாலும் ஒண்ணுதான்.”

“எங்க நின்னாலும் பாக்குறாரா!” பூசாரி இரண்டடி பின்னால் போனார்.

அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். வளையம் சாய்வாக இருக்கிறதல்லவா, அவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்து பார்க்கிறார் என்று தீர்ப்புச் சொன்னார். பக்கச் சுவரிலிருந்த மாடத்தில் வைத்தார்கள். அண்ணி எள் முடிச்சு வைத்து முதல் விளக்கை ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரயிலுக்குப் போனார்.

சனிக்கிழமை தோறும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தொழிலாளர் சனங்கள் விளக்குப் போட வந்தார்கள். இதற்காகத் தூரத்துக் கோயிலுக்குப் போகிற செலவும் அலைச்சலும் இல்லையே என்று சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்படாதது ஒரே ஒரு ஆள்.

“தொப்பி எங்க?” என்றாள் வசந்தி. வாயை மூடினாள்.

நிலாவைக் காட்டினேன். செவ்வாயைக் காட்டினேன். நாயைக் காட்டினேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். இன்னொரு நிலா வரைந்து அதற்கு ஒரு தொப்பி வைத்தேன். “நெலா,” என்றாள் ஏமாறாமல். இன்னொரு சனியையே வரைய உட்கார்ந்தேன். பாதி வளையம் வந்ததும் அண்ணி முகம் ஞாபகம் வந்தது. துணியில் டர்பன்டைன் தொட்டு அழித்தேன். அழித்தது குற்றமோ என்று அதற்கும் பயந்தேன்.

தராசு முள் இறங்கியது. “இப்படியே போனா நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன்,” என்றார் மருந்துக்காரர் ஐயா. அன்று அவர் சிரிக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, தூக்குகிற கனமே தெரியவில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

மறுநாள் பகலில், எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, வசந்தியையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

மாடத்தில் அவர் இருந்தார். சந்தனமும் குங்குமமும் வைத்து, தலையில் ஒரு செவ்வரளி.

“தொப்பிக்காரரு பொட்டு வச்சிருக்காரு!” வசந்தியின் வாய் தானாகத் திறந்தது. நான் ஒரு வாயை உள்ளே வைத்துவிட்டேன். விழுங்கினாள். மறுபடி திறந்தாள்.

“கோயிலுக்குள்ளயா ஊட்டுறீங்க?”

பின்னால் பூசாரி. காரணம் சொல்ல வாயெடுத்தேன். கண்ணீர்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். “ஆ” என்று திறந்திருந்த குழந்தையின் வாயைப் பார்த்தார்.

“சரி, படையல்னு நெனச்சுக்கிறேன்,” என்றார். “ஆனா நேரா உக்கார வைக்காதீங்கம்மா. கொஞ்சம் சாச்சு வைங்க.”

சாய்த்து வைத்து ஊட்டினேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். தராசு முள் மனம் மாறியது. இன்றும் வசந்தி இலைக்கு முன்னால் சற்றுச் சாய்ந்துதான் உட்காருவாள். விருந்து வீட்டில் பார்ப்பவர்கள் இடுப்பு வலியா என்று கேட்கிறார்கள்.

செய்தி பரவிவிட்டது. சாப்பிடாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்துத் தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். உலகத்தில் எல்லாரும் சனிக்குப் பயப்பட, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் வாயைத் திறந்தன. வட்டவளைக்கும் சேதி போனது. “கோயில்ல வைக்கச் சொன்னதே நான்தானே!” என்றாராம் அண்ணி.

மற்ற எட்டுப் பேர்

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் இருக்கிறது. எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. போன வாரம் பூசாரி, கோயில் கமிட்டித் தலைவரோடு வீட்டுக்கு வந்தார். சனீஸ்வரன் தனியாக இருக்கிறாராம். மற்ற எட்டுப் பேரையும் அதே அளவில் நான் வரைந்து கொடுக்க வேண்டுமாம்.

தலையை ஆட்டிவிட்டேன். அதன் பிறகுதான் யோசித்தேன். சூரியன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி வரை கவலையில்லை. ராகுவையும் கேதுவையும் எந்தப் பூகோளப் புத்தகத்தில் பார்ப்பது? “ரெண்டு பலகையில கறுப்பு மட்டும் பூசிக் குடுத்துரு. யாரு போய்ப் பாத்துட்டு வந்து தப்புன்னு சொல்லப் போறா?” என்கிறார் கணவர். வசந்திக்கு வேறு கவலை. “நம்ம பூமி எங்கம்மா? நம்மள விட்டுட்டாங்களா?”

ஆனால் என் சங்கடம் அதுவல்ல. புறப்படும்போது பூசாரி வாசலில் நின்று, “சந்திரன் வீட்டுலயே தயாரா இருக்காராமே, காமாட்சி சொல்லிச்சு,” என்றார்.

இருக்கிறது. அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. புகையில் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. கன்னத்தில் அந்தப் பருக்கை சாயத்தோடு காய்ந்து, ஒரு சின்ன மலை போல நிற்கிறது. இப்போதெல்லாம் பத்திரிகைகளில் நிலாவின் படங்கள் வருகின்றன. அந்த மலை எதிலும் இல்லை.

வசந்தியின் தம்பி, கைக்குழந்தை குமாருக்கு அடுத்த மாதம் முதல் சோறு ஊட்ட வேண்டும். மழை தொடங்கிவிட்டது. அவனுக்கு எதைக் காட்டுவேன்? இன்னொரு நிலா வரையலாம். பருக்கையை வரைய முடியுமா?

வசந்தியிடம் கேட்டேன். அவள் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, “குடுத்துருங்கம்மா,” என்றாள். “அங்கதான் தெனமும் படையல் வைக்கிறாங்கல்ல.”

இரண்டு வயதில் தான் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் இருந்து சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டால்?

வாசகர்களே, உங்களிடம் கேட்கிறேன். அது எச்சில் பருக்கை. சாமிக்கு ஆகாது. அந்த உண்மையைச் சொன்னால் நிலா என்னிடமே இருக்கும். ஆனால் அதே எச்சில் கை தொப்பிக்காரர் மேலும் எத்தனையோ தரம் பட்டிருக்கிறது. இத்தனை வருடம் விளக்குப் போட்டவர்களுக்கும், அவர் முன்னால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாருக்கும் நான் என்ன பதில் சொல்வது? சொல்லாமல் நிலாவைக் கொடுத்துவிடுவதா? கொடுக்க மாட்டேன் என்று காரணம் சொல்லாமல் நிற்பதா? ராகு கேதுவுக்கு நிறம் தெரிந்தவர்களும் எழுதலாம்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். எங்கள் பூசாரிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பத்திரிகை தோட்டத்துக்கு வந்ததும், காமாட்சியின் மகன் லயத்து வாசலில் உட்கார்ந்து எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவான்.